கதிரின் தூங்காத நொதி

என் மகன் கதிர் என் இடது கையை முறித்தது ஒரு தட்டுக்காக. சாப்பிட்டு முடித்துவிட்டான் என்று நினைத்துத் தட்டை எடுத்தேன். அவ்வளவுதான். மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். காய்ந்த குச்சி ஒடிவதுபோல உள்ளே ஒரு சத்தம். அது அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். பயந்துபோய்க் கையை விட்டான். விட்ட வேகத்திலேயே என் முகத்தில் அறைந்தான். பிறகு மூலையில் போய் உட்கார்ந்து தன் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளத் தொடங்கினான். அப்போது அவனுக்குப் பதினாறு வயது. என்னைவிட ஒரு தலை உயரம்.

கதிரின் சிறப்புப் பள்ளியில் பழக்கமான பெற்றோர்கள் கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறேன். வலிப்பும் ஆத்திரமும் சேர்ந்த பிள்ளைகள் உள்ள வீடுகள் இந்த ஒரகடம் பக்கத்தில் இத்தனை இருக்கின்றன என்று கதிரோடு சென்னை மருத்துவமனைக்குப் போய்வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கதவைச் சாத்திக்கொண்டு அடி வாங்குகிறோம். யாராவது கேட்டால் வழுக்கி விழுந்துவிட்டோம் என்கிறோம். எலும்பு டாக்டரிடம் நானும் அப்படித்தான் சொன்னேன். அவர் என் கன்னத்தில் இருந்த விரல் தடத்தைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு எதுவும் கேட்காமல் மாவுக்கட்டு போட்டார்.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. படிப்பு முடித்த கையோடு ஸ்ரீபெரும்புதூருக்கு வேலைக்கு வந்தேன். கார்களுக்கு வயர் கட்டும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. அங்கே பழக்கமான ஏழுமலையைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டேன். அவர் உள்ளூர் விவசாயக் குடும்பம். இப்போது பிரஸ் ஷாப்பில் செட்டர், அச்சுகளை மாற்றிப் பொருத்தும் வேலை. பிரஸ் என்றால் இரும்புத் தகட்டை ஒரே அடியில் கார்க் கதவாக அழுத்தி எடுக்கும் பெரிய இயந்திரம். மகள் நித்யா சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நிற்கிறாள். கதிர் அவளுக்கு இளையவன்.

கதிர் தாமதமாக நடந்தான். மூன்று வயதில் முதல் வலிப்பு. பேச்சு பத்துப் பன்னிரண்டு சொற்களோடு நின்றுவிட்டது. குன்றத்தூரில் ஒரு டாக்டர் வலிப்பு மாத்திரை கொடுத்தார், வலிப்பு குறைந்தது. ஆனால் மீசை அரும்பத் தொடங்கிய பிறகு ஆத்திரம் வந்தது. கண் ஒரு மாதிரி நிலைகுத்தும். அடுத்த நொடி கையில் கிடைப்பது பறக்கும். டிவி, மிக்ஸி, கண்ணாடி எல்லாம் போயின. நித்யாவின் முன்பல்லில் பாதி போயிற்று. ஆரம்பித்தால் அவனாகவே ஓயும்வரை யாராலும் நிறுத்த முடியாது. ஓய்ந்த பிறகு நாங்கள் ஏன் அழுகிறோம் என்பது அவனுக்குப் புரியாது.

எதனால் என்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. என் கணவரின் அண்ணன் முனுசாமிக்குத் தெரிந்திருந்தது.

"வயித்துல புள்ளய வெச்சிகினு ஓ.டி. பாத்தா இல்ல, அதான்டா. எட்டு மணி நேரத்துக்கு மேலயும் நின்னுகினே இருந்தா கொழந்த மூள இன்னாத்துக்கு ஆவும்?" என்பார். இன்னொரு நாள், "நம்ம வம்சத்துல இப்டி ஒருத்தன் உண்டா? அவங்க ஊர்ப் பக்கம் வெட்டு குத்துன்னா சோறு சாப்டற மாரி. அந்த ரத்தம்" என்பார். நான் காபி டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

கை முறிந்த வாரம் ஏழுமலை கதிரின் அறைக்குக் கிரில் கதவு போட்டார். கம்பெனி நண்பர்கள் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை வந்து வெல்டிங் செய்து முடித்தார்கள். அறையிலேயே கழிப்பறை உண்டு. பெரிய பூட்டு ஒன்றும் வாங்கி வந்தார். அதோடு வந்த சாவிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதைச் சுத்தியலால் அடித்து மடக்கிக் குப்பையில் போட்டார்.

"ஏங்க, அதை எதுக்கு ஒடைக்கீங்க?" என்றேன்.

"ரெண்டாவது சாவி கீதுன்னா அது பூட்டே இல்ல, சாந்தி."

அது அவர்கள் ஷாப்பின் விதி. பிரஸ்ஸுக்குள் தலையை விட்டு ஒருவர் பழுது பார்க்கும்போது வெளியே யாராவது தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிட்டால் உள்ளே இருப்பவர் கூழாகிவிடுவார். அதனால் வேலை செய்பவர் மெயின் சுவிட்சில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பூட்டுக்கு மாற்றுச் சாவி இருக்கக் கூடாது. சூப்பர்வைசர் கேட்டாலும் சாவியைக் கைமாற்றக் கூடாது. இத்தனை வருடம் இந்த விதியால்தான் அவர் முழு உடம்போடு வீடு திரும்பியிருக்கிறார்.

"இது மெஷின் இல்லங்க. நம்ம புள்ள."

"உன் கையப் பாத்துட்டுப் பேசு. அவன் அழுதா நீ தொறந்துருவ. தொறந்தா அந்தக் கையும் போவும். சாவி எங்கிட்டயே இருக்கட்டும்."

என்னைக் காப்பாற்றத்தான் அந்தப் பூட்டு. அதை நான் இன்றும் மறுக்க மாட்டேன்.

கிரில் போட்ட அடுத்த வாரம் அவருக்கு இரண்டாம் ஷிப்ட். ஒரு நாள் மதியம் கதிர் அடுப்பிலிருந்து குக்கரைத் தூக்கி என் மேல் எறிந்தான். ஏழுமலை அவனைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, இழுத்துப்போய் அறையில் தள்ளி, பூட்டிவிட்டு வேலைக்குப் போனார். சாயங்காலம் நித்யா வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். கதிரின் அறையிலிருந்து இடிக்கும் சத்தம் கேட்டது. அது எங்களுக்குப் பழகிய சத்தம். ஆனால் ஆத்திரத்தில் இடிப்பதற்கு ஒழுங்கு இருக்காது. இது ஒரே தாளத்தில் வந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தால், கிரில்லை ஒட்டிக் குப்புற விழுந்து கிடக்கிறான். கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. ஒவ்வொரு இழுப்புக்கும் நெற்றிப்பொட்டு இரும்புக் கம்பியில் போய் மோதுகிறது. வாந்தி எடுத்த இடத்திலேயே முகம் கிடக்கிறது. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. மாவுக்கட்டுப் போட்ட கையைக் கம்பிக்கும் அவன் தலைக்கும் நடுவே நுழைத்தேன். அதற்கு மேல் என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. அவனைத் திருப்பிப் போடக் கை எட்டவில்லை. என் கட்டின் மேலேயே அவன் தலை அடித்துக்கொண்டிருந்தது. மாவு விரிசல் விட்டது.

நித்யா அப்பாவுக்குப் போன் அடித்தாள். அவர் எடுக்கவில்லை, எடுக்கவும் முடியாது. ஷாப்புக்குள் கேமரா போன் கூடாது என்று கேட்டிலேயே வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். செக்யூரிட்டி நம்பருக்கு அடித்தாள்.

"லைன்ல கீறாரும்மா. சூப்ரவைசருக்குச் சொல்லி அனுப்பறேன்."

"அண்ணா, சாவி அவர் பாக்கெட்டுல இருக்கு. எந் தம்பி செத்துப்போயிருவான்."

"இன்னா சாவிம்மா?"

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஓர் அம்மா நல்ல எண்ணத்தில் தன் வீட்டுச் சாவிக்கொத்தைக் கம்பி வழியாக அவன் கைக்குள் திணித்தார். வலிப்பு வந்தால் இரும்பு கொடுக்க வேண்டும் என்று நம் பக்கத்தில் எல்லாரும் நம்புகிறோம். முறுக்கிய விரல்களுக்குள் சாவிகள் கத்திபோல நீட்டிக்கொண்டு நின்றன. அடுத்த இழுப்பில் அவன் கன்னம் காதுவரை கிழிந்தது. தயவுசெய்து யாருக்கும் இதைச் செய்யாதீர்கள். இரும்பு வலிப்பை நிறுத்தாது. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கரண்டி வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்தால் போதும். எனக்கு அது தெரிந்திருந்தது. ஆனால் நான் கம்பிக்கு வெளியே இருந்தேன்.

எங்கள் மாடியில் வாடகைக்கு இருந்த பேச்சிமுத்து கம்பெனி வண்டி ஓட்டுபவன். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். இறங்கி வந்தவன் ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டிக்கு ஓடினான். டயர் மாற்றும் ஜாக்கியோடு வந்தான்.

"தள்ளுங்கக்கா. சாவிக்கெல்லாம் காத்திருந்தா ஆவாது."

ஜாக்கியை இரண்டு கம்பிகளுக்கு நடுவே படுக்கவைத்துத் திருகினான். கம்பி முனகியது. அவன் உள்ளங்கை கிழிந்து கைப்பிடி முழுக்க ரத்தம். ஓர் ஆள் ஒடுங்கி நுழையும் அளவுக்கு இடம் வந்ததும் நித்யா ஊர்ந்து உள்ளே போனாள். தம்பியைப் புரட்டி ஒருக்களித்துப் போட்டு, வாய்க்குள் விரல் விட்டு வாந்தியை வழித்தாள். அவன் பல் அவள் விரலில் இறங்கியது. அவள் விரலை எடுக்காமல் மீதியையும் வழித்தாள்.

கிரில்லை முழுதாகப் பெயர்த்து அவனை வண்டியில் ஏற்றும்போது ஏழுமலை பைக்கில் வந்து சேர்ந்தார். யூனிபாரம், பாதுகாப்பு ஷூ, கையில் சாவி. பெயர்ந்து கிடந்த கிரில்லையும் மகனின் கிழிந்த கன்னத்தையும் பார்த்தபடி நின்றார்.

"இன்னாத்துக்கு வந்த?" என்றாள் நித்யா. பிறந்ததிலிருந்து அப்பாவை ஒருமையில்தான் கூப்பிடுகிறாள். ஆனால் அந்தக் குரல் புதிது. "போ. போய் உன் மெஷினப் பூட்டு."

நெடுஞ்சாலையில் இருந்த தனியார் மருத்துவமனைக்குப் போனபோதும் இழுப்பு நிற்கவில்லை. ஐந்து நிமிடத்தைத் தாண்டியும் நிற்காத வலிப்புக்கு 'ஸ்டேட்டஸ்' என்று பெயர் சொன்னார்கள். மூளையில் ஒரு கூட்டம் செல்கள் ஒன்றை ஒன்று தூண்டிவிட்டு, ஓய வழி தெரியாமல் மாட்டிக்கொள்ளும் நிலை. ஊசிக்கு மேல் ஊசி போட்டார்கள். கடைசியில் முழுதாக மயக்கி, தொண்டையில் குழாய் செருகி, மூச்சை இயந்திரத்திடம் ஒப்படைத்துத்தான் நிறுத்த முடிந்தது. வாந்தி நுரையீரலுக்குள் போயிருந்தது. எங்களிடம் இதற்கு மேல் வசதி இல்லை, சென்னைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். அங்கே கட்டிய பணத்துக்கு என் தாலிச் சரடு போயிற்று. அதைப் பற்றி நான் அப்போது நினைக்கக்கூட இல்லை.

சென்னையில் அரசு மருத்துவமனை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே சிமெண்டுத் தரைதான் எங்களுக்கு வீடு. அடிக்கு ஒரு குடும்பம். உள்ளே இருப்பவரின் பெயரைக் கூப்பிடும்போது எழுந்து ஓடுகிற வேகத்தைப் பார்த்தாலே அவரவர் பயத்தின் அளவு தெரியும். கதிருக்கு நிமோனியா வந்தது. காய்ச்சல் இறங்கவில்லை. தலையில் வயர்களை ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைக் கோடுகளாக வரைந்து பார்த்தார்கள். அதற்குப் பெயர் ஈ.ஈ.ஜி. மயக்கத்திலும் கோடுகள் கூர்கூராக எழுந்துகொண்டிருந்தன. உடம்பு அசையவில்லை, உள்ளே இன்னும் இழுக்கிறது என்றார் டாக்டர்.

ஒரு மத்தியானம், பைக் விபத்தில் அடிபட்டு உள்ளே இருந்த ஒரு பையன் இறந்துபோனான். அவனுடைய நண்பர்கள் கும்பலாக வந்து தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவை உடைத்தார்கள். ஒருவன் ஆக்சிஜன் சிலிண்டர் தள்ளும் இரும்பு வண்டியைத் தூக்கி அடித்தான். நர்ஸ் ஒருத்தியின் தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். ஏழுமலையும் நானும் உடைந்த கதவில் குறுக்கே நின்றோம். உள்ளே ஆறாவது கட்டிலில் எங்கள் பையன் குழாயில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். ஒரு பிளக்கை யாராவது மிதித்தால் போதும். ஏழுமலையின் முதுகில் செங்கல் விழுந்தது. என் மாவுக்கட்டை ஒருத்தன் பிடித்து இழுத்தான். நான் அவன் முகத்தில் துப்பினேன். ஒரு காலத்தில் கம்பெனியில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு ஒழுக்கம் பற்றி வகுப்பு எடுத்தவள் நான்.

குழாயை எடுத்த பிறகு கதிர் பொதுவார்டுக்கு வந்தான். கண் விழித்தவன், எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல், பாய்ந்து எழுந்து குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்தான். ரத்தம் சுவரெல்லாம் தெறித்தது. பக்கத்துக் கட்டில் பெரியவரை எட்டி உதைத்தான். நான்கு பேர் சேர்ந்து அவன் கைகளையும் கால்களையும் துணிப்பட்டையால் கட்டிலோடு கட்டினார்கள். கட்டும்போது வார்டு ஊழியர் ஒருவரின் தோளைக் கடித்தான். அவர் அவன் வாயிலேயே ஓங்கி அறைந்தார்.

நித்யா கையில் சோற்றுக் கேரியர் இருந்தது. அதாலேயே அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். ரசம் சாதம் வார்டு முழுக்க.

"பைத்தியம் புடிச்ச குடும்பமா இது?" என்றார் அவர்.

"கட்டிப் போட்டவன அடிக்கிறியே, நீ பெரிய வஸ்தாதா? அவுத்து வுடறேன், இப்ப அடி பாப்போம்."

வார்டே சிரித்தது. அந்த ஊழியரும் சற்று நேரம் கழித்து வந்து, தோளைத் தேய்த்தபடி, "உம் பொண்ணு கை நல்ல கனம்மா" என்று சொல்லிவிட்டுத் தரையைத் துடைத்தார். அவர் கெட்டவர் அல்ல. காலையிலிருந்து நின்றுகொண்டிருப்பவர்.

நரம்பியல் டாக்டரம்மா இரண்டு காரியம் செய்தார். முதலாவது, பழைய வலிப்பு மாத்திரையை மெல்லக் குறைத்து வேறொன்றைத் தொடங்கினார். பழையது நல்ல மருந்துதான், ஆனால் சில பிள்ளைகளுக்கு அது ஆத்திரத்தைக் கூட்டிவிடும் என்றார். (படிக்கிறவர்கள் உங்கள் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் ஸ்டேட்டஸ் வரும்.) இரண்டாவது, கதிர், அவன் அப்பா, நான் என மூன்று பேரின் ரத்தத்தையும் மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்.

அந்த முடிவுக்காகக் காத்திருந்த வாரங்களில்தான் முனுசாமி மாமா காப்பகம் பற்றிச் சொன்னார். வாலாஜாபாத் தாண்டி ஒன்று இருக்கிறதாம். இந்த மாதிரிப் பிள்ளைகளை வைத்துக்கொள்கிறார்களாம்.

"வூட்ல ஒரு பொண்ணு கீது. பொண்டாட்டி கை ஒடஞ்சி கீது. இன்னும் இன்னா பாக்கணும்? பொணத்தப் பாக்கணுமா?"

நான் ஏழுமலையைப் பார்த்தேன். மறுப்பார் என்று நினைத்தேன். அவர் தலையைக் குனிந்தபடி, "பேசி வை அண்ணே" என்றார்.

அன்று கேன்டீன் பின்னால் வைத்து அவர் சட்டையைப் பிடித்தேன். "அவன என்கிட்டருந்து பிரிச்சீங்கன்னா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது" என்றேன்.

"எங்கிட்டருந்துதான் பிரிக்கறேன்" என்றார். "பூட்டுனவன் நானு. இன்னொரு தபா எங்கையால செத்தான்னா?"

இதுதான் எங்களுக்கு நடுவே கிடந்த கேள்வி: கதிர் உயிரோடு வீடு திரும்புவானா, கட்டி எங்கோ கொண்டுபோகப்படுவானா. நான் என் நம்பிக்கை முழுவதையும் அந்தச் சோதனை முடிவின் மேல் வைத்தேன். ஒரு பெயர் கிடைத்துவிட்டால் மருந்து கிடைத்துவிடும் என்று நினைத்தேன்.

பெயர் கிடைத்தது. டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். முனுசாமி மாமாவும் கதவோரம் நின்றார்.

"நொதின்னா என்னன்னு தெரியுமில்ல, உடம்புக்குள்ள வேதி வேலைகளை நடத்தற புரதம். மூளை செல்லுக்கு ஒரு சேதி வரும்போது கொஞ்சம் கால்சியம் உள்ள போகும். கண் சிமிட்டற நேரம்தான். அந்தக் கால்சியம் பட்டதும் முழிச்சுக்கற ஒரு நொதி இருக்கு. காம்கைனேஸ்னு பேரு. அது முழிச்சதும் மத்த புரதங்கள் மேல ஒரு அடையாளம் ஒட்டும். நீ வேலையைத் தொடங்கு, நீ நிறுத்து, நீ இந்தப் பக்கம் வளருன்னு."

பன்னிரண்டு துண்டுகள் வளையமாகச் சேர்ந்துதான் அந்த நொதி ஆகிறதாம். ஒரு துண்டு விழித்தால் பக்கத்துத் துண்டைத் தட்டி எழுப்பும். அதனால் கால்சியம் வெளியேறிய பிறகும் சற்று நேரம் விழித்திருக்கும். நாம் ஒன்றைக் கற்றுக்கொள்வதும் நினைவில் வைப்பதும் அந்தச் சற்று நேர விழிப்பால்தான். பிறகு அது தூங்கிவிட வேண்டும்.

"கதிருக்கு அந்த நொதியைச் செய்யற மரபணுவுல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. அதனால நொதி முழிச்சா தூங்க மாட்டேங்குது. பன்னெண்டு பேர் கைகோத்து நிக்கற வளையத்துல நடுநடுவுல சில பேர் இப்படி இருந்தா மத்தவங்களையும் தூங்க விட மாட்டாங்க. கருவுல மூளை கட்டப்படும்போதே இந்த நொதி வேலை செய்யுது. ஒவ்வொரு நரம்பு செல்லும் கையை நீட்டித் தனக்குத் துணை தேடும். சிலதைப் பிடிக்கும், சிலதை விடும். மீன், எலி, நாம, எல்லாத்துக்கும் அப்படித்தான். இவனுக்கு அந்தப் பிடிக்கறதும் விடறதும் சரியா அமையலை. பேச்சு வராதது, வலிப்பு, ஆத்திரம், எல்லாத்துக்கும் வேர் ஒண்ணுதான்."

ஏழுமலை முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "மேடம், பட்டன வுட்டப்புறமும் பிரஸ் எறங்குற மாரியா?"

டாக்டர் புரியாமல் பார்த்தார். ஏழுமலை விளக்கினார். பட்டனை அழுத்தினால் பிரஸ் ஒரு முறைதான் இறங்க வேண்டும். பழுதானால், கையை எடுத்த பிறகும் தானாக மறுபடி இறங்கும். அவருடைய நண்பர் ஒருவர் தகட்டை எடுக்கக் கையை உள்ளே விட்டபோது அப்படி இறங்கியது. விரல்களைத் தகட்டிலிருந்து சுரண்டித்தான் எடுத்தார்களாம்.

"ஏறக்குறைய அப்படித்தான்" என்றார் டாக்டர்.

"இது யாரு ரத்தத்துல வந்துச்சு டாக்டரம்மா?" என்று முனுசாமி மாமா கதவோரத்திலிருந்து கேட்டார்.

"யார் ரத்தத்துலயும் இல்ல. அப்பாகிட்டயும் இல்ல, அம்மாகிட்டயும் இல்ல. இவன் உருவாகும்போது புதுசா வந்தது."

"நான் நின்னு ஓ.டி. பார்த்தேன் டாக்டர்" என்றேன்.

"நின்னதாலயும் இல்ல, விழுந்ததாலயும் இல்ல. யாரும் எதுவும் பண்ணலைம்மா."

நித்யா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். தன் ரத்தத்திலும் அது இருக்காது என்பதைக் கேட்காமலே தெரிந்துகொண்டாள்.

வெளியே வந்ததும் முனுசாமி மாமா சொன்னார்: "கால்சியம்தான? நாளிக்கே முட்ட, பாலு, கேவுரு எல்லாம் கொண்டாந்துடறேன்."

"பெரிப்பா, கால்சியம் கம்மியில்ல" என்றாள் நித்யா.

"கம்மியில்லன்னா எதுக்குடி அதுக்குக் கால்சியம்னு சொல்லிகினு கீறாங்க?"

யாரும் சிரிக்கவில்லை. ஏழுமலை ஜன்னல் பக்கம் போய் நின்றார். நான் அவரிடம் போய், "இப்ப என்ன சொல்லுதீங்க?" என்றேன். யார் மேலும் தப்பில்லை என்று தெரிந்த பிறகு மனம் மாறியிருப்பார் என்று நினைத்தேன்.

"தானா எறங்குற பிரஸ்ஸ எவனும் ஷாப்புல வெச்சிக்க மாட்டான், சாந்தி" என்றார். "அவன் மேல தப்பு இல்ல. அதான் பயம். தப்பு இருந்தா திருத்தலாம்."

வேருக்கு மருந்து இன்னும் வரவில்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார். வலிப்பைக் கட்டுப்படுத்தலாம், ஆத்திரம் குறையலாம், முழுதாகப் போகும் என்று சொல்ல முடியாது. நான் நம்பியிருந்த அந்த முடிவே எனக்கு எதிராகத் திரும்பிக்கொண்டது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் காப்பகத்து வேன் மருத்துவமனை முகப்பில் நின்றது. இரண்டு பேர் வந்திருந்தார்கள். முனுசாமி மாமா துணிமணிப் பையோடு நின்றார். நான் கதிரின் கையைப் பிடித்திருந்தேன். மாத்திரை மாறிய பிறகு அவன் கொஞ்சம் அமைதியாகத்தான் இருந்தான். நடந்து வந்து வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினான்.

"நீங்க கையை வுடுங்கம்மா. ரெண்டு நாள்ல வழிக்குக் கொண்டாந்துருவோம்" என்றார் வந்தவர்களில் பருத்தவர். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கதிரின் மணிக்கட்டில் சுற்றினார்.

அவன் கண் நிலைகுத்தியது. தலையால் அந்த ஆளின் மூக்கில் முட்டினான். ரத்தம் பீறிட்டது. இன்னொருவர் காலை வாரிவிட, கதிர் சிமெண்டில் குப்புற விழுந்தான். பருத்தவர் அவன் முதுகில் முழங்காலை ஊன்றி, கழுத்தைத் தரையோடு அழுத்தினார். கதிரின் வாய் மண்ணில் இருந்தது. அவன் கத்த முயன்றான், காற்று போகவில்லை. நித்யா ஓடினாள், அவளை மாமா பிடித்துக்கொண்டார். நான் அந்த ஆளின் முதுகில் என் மாவுக்கட்டால் அடித்தேன். அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

ஏழுமலை மாத்திரைப் பையைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். பிறகு பையைப் போட்டார்.

இருபது வருடத்துக்கு மேலாக அவரோடு வாழ்கிறேன். அவர் ஒரு மனிதனை அடித்து நான் பார்த்ததில்லை. பருத்தவரின் தாடையில் விழுந்த முதல் அடியில் அந்த ஆள் உருண்டார். இரண்டாவது ஆளைச் சட்டையோடு தூக்கி வேன் கதவில் அறைந்தார்.

"குப்புறப் போடாத. குப்புறப் போடாதன்னு எத்தினி தபா சொல்றது?" என்றார். அதற்கு முன் அவர் அதை அவர்களிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

பிறகு தரையில் படுத்தார். கதிரைப் புரட்டி ஒருக்களிக்க வைத்து, பின்னாலிருந்து அணைத்துக்கொண்டு, தன் கையை அவன் தலைக்கும் சிமெண்டுக்கும் நடுவே கொடுத்தார். கதிர் திமிறினான். முழங்கையால் அவர் விலாவில் இடித்தான். பிறகு முகத்துக்கு நேராக இருந்த அந்தக் கையைக் கடித்தான். பல் சதைக்குள் இறங்குவது தெரிந்தது.

"டேய், கைய இழுடா" என்று மாமா கத்தினார்.

"வேணாம்."

"கறியே வந்துருண்டா, ஏழுமல."

"வுடுவான்."

"எப்படா?"

"வுடும்போது வுடுவான் அண்ணே. செத்த சும்மா இரு."

கூட்டம் கூடிவிட்டது. வெயில் ஏறியது. ஏழுமலையின் நெற்றியில் நரம்பு புடைத்திருந்தது. கதிரின் முதுகு ஏறி ஏறி இறங்கியது. அந்த மூச்சு மெல்ல நீண்டது. தோள் தளர்ந்தது. கடைசியில் தாடை திறந்தது. அவன் வாயைத் துடைத்துக்கொண்டு, விரலில் இருந்த ரத்தத்தைப் பார்த்தான். பிறகு அது எங்கிருந்து வந்தது என்று தேடி, அப்பாவின் கையைப் பார்த்தான்.

"ஏத்தறீங்களா இல்லயா?" என்றார் மூக்கைப் பிடித்தபடி நின்ற பருத்தவர்.

"ஆளு வரல" என்றார் ஏழுமலை, படுத்தபடியே. "நீங்க கெளம்புங்க."

முனுசாமி மாமா ஏதோ சொல்ல வந்தார். தம்பியின் கையிலிருந்து வழிந்துகொண்டிருந்ததைப் பார்த்தார். துணிமணிப் பையை நித்யாவிடம் கொடுத்துவிட்டு, வேன்காரரிடம் பேசப் போனார்.

கடி ஆழமாக இருந்ததால் அவசரப் பிரிவுக்குப் போனோம். ஏழுமலையை ஒரு மேசையில் படுக்கவைத்துக் காயத்தைக் கழுவினார்கள். நாங்கள் மூன்று பேரும் சுற்றி நின்றோம். கதிரை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அதை நான் அப்போதுதான் கவனித்தேன். அவன் மேசை ஓரத்தில் அப்பாவின் காலருகே நின்றான்.

நர்ஸ் ஊசி நூலோடு வந்தார். "இவ்ளோ கூட்டம் கூடாது. பேஷண்ட்டோட அட்டெண்டர் யாரு? ஒருத்தர் மட்டும் இருங்க."

கதிரின் வலது கை சட்டென்று மேலே எழுந்தது. நான் முகத்தை மறைத்துக்கொண்டேன். நித்யா இரண்டடி பின்னால் போனாள். ஏழுமலை மேசையில் கண்ணை இறுக மூடினார்.

கை இறங்கவில்லை. பள்ளியில் பெயர் கூப்பிடும்போது தூக்குவதுபோல மேலேயே நின்றது.

நர்ஸ் அவனைப் பார்த்தார். "சரி, நீ இரு. மத்தவங்க வெளிய போங்க" என்றார்.

நானும் நித்யாவும் ஏழுமலையைப் பார்த்தோம். அவர் தலையசைத்தார். நாங்கள் வெளியே வந்தோம்.